பரிசு: உயிருள்ள வாத்து ஒன்று

சின்ன வயதில் ஒருநாள் கூத்துக் கொட்டகையின் பின்பக்கத் தட்டியை விலக்கி எட்டிப் பார்த்தேன். உள்ளே திரௌபதி பீடி குடித்துக்கொண்டிருந்தார். துச்சாதனன் குனிந்து அவருடைய ஜாக்கெட்டின் முதுகு நாடாவை முடிந்துகொண்டிருந்தான். அன்று ராத்திரி துகிலுரியும் கட்டத்தில் ஊரே மூக்கைச் சிந்தியது. நான் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் துண்டை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து எனக்கு மேடையைவிட மேடைக்குப் பின்னால்தான் ருசி.

கணிதத்துக்கும் அப்படி ஒரு தட்டி இருக்கிறது என்று எம்.எஸ்ஸி. படித்த இரண்டு வருடத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை. ஃபங்ஷனல் அனாலிசிஸ் வகுப்பில் 'பனாக் வெளி' என்று ஒன்று வரும். வரையறை, தேற்றம், நிரூபணம், கடைசியில் சாக்பீஸால் ஒரு குட்டிச் சதுரம். அவ்வளவுதான். பனாக் என்பது ஆளா, ஊரா, செடியா என்று கேட்கக்கூடத் தோன்றியதில்லை. அந்த ஆள் பெஞ்சு தேயத் தேய காபிக்கடையில் உட்கார்ந்திருந்தவர், மாதக் கடைசியில் கடன் சொன்னவர், பளிங்கு மேஜையில் பென்சிலால் கிறுக்கிக் கடைக்காரரின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர் என்பதெல்லாம் போன வாரம்தான் தெரிந்தது. 'ஸ்காட்டிஷ் புத்தகம்' என்ற பழைய நோட்டின் ஸ்கேன் பக்கங்கள் கையில் கிடைத்தன. மூன்று ராத்திரி ஒழுங்காகத் தூங்கவில்லை. தனியாகத் தின்ன மனசு வரவில்லை. வாருங்கள், உங்களையும் பின்வாசல் வழியாகக் கூட்டிப் போகிறேன்.

ஊர் லுவூவ். இன்றைக்கு உக்ரைனில் லிவிவ். நாம் போகிற 1930களில் போலந்தில் இருக்கிறது. பல்கலைக்கழகத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் அகாதெமிச்கா தெரு. அதில் எதிரும் புதிருமாக இரண்டு காபிக்கடைகள். ஒன்று 'ரோமா'. பனாக்கும் கூட்டாளிகளும் முதலில் அங்கேதான் டேரா. கடன் விஷயத்தில் ரோமாக்காரர் கொஞ்சம் கறாராகிவிட்டார் போல. பனாக் தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குக் குடிபெயர்ந்தார். அந்த எதிர்க்கடைதான் 'ஸ்காட்டிஷ் கஃபே'. இருபதாம் நூற்றாண்டுக் கணிதத்தின் பெரிய பிரிவு ஒன்று, பழைய பாக்கி நெருக்கியதால் இடம் மாறி வளர்ந்தது. இதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது.

கதவைத் தள்ளுங்கள். முதலில் கண்ணில் படுவது புகை. சிகரெட் புகைக்கு நடுவில் பளிங்கு மேஜைகள், அவற்றின் மேல் காபிக் கோப்பைகளும் கொன்யாக் கிளாஸ்களும். பனாக்குக்கு இரைச்சலும் பாட்டும் இருந்தால்தான் மூளை ஓடும். பக்கத்தில் ஸ்டனிஸ்வாவ் மசூர். மெதுவாகப் பேசுவார், யோசித்துப் பேசுவார். அவர்களோடு ஒரு துறுதுறு இளைஞர், ஸ்டான் உலாம். பின்னாளில் அணுகுண்டு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்க்கப் போகிறவர். இப்போதைக்கு இந்த மேஜையின் கடைக்குட்டிகளில் ஒருவர்.

பெரிய விவாதம் நடக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள். யாரும் பேசுவதே இல்லை! ஒருவர் காபியை உறிஞ்சுவார். இன்னொருவர் எதிரில் இருப்பவரின் மூஞ்சியையே வெறித்துக்கொண்டிருப்பார். நீண்ட மௌனத்துக்குப் பிறகு யாரோ ஒரு வார்த்தை சொல்வார், யாரோ மேஜையில் ஒரு குறி போடுவார், யாரோ களுக்கென்று சிரிப்பார். மறுபடி மௌனம். இப்படி ஒருமுறை சாப்பாட்டு நேரம் தவிர ஒரே மூச்சில் 17 மணி நேரம் உட்கார்ந்திருந்ததாக உலாம் எழுதியிருக்கிறார். பனாக்கைவிட அதிக நேரம் உட்காருவதும் சரி, அதிகம் குடிப்பதும் சரி, கஷ்டம் என்கிறார். கூத்து என்னவென்றால், எல்லோரும் அசந்துபோய் வீட்டுக்குப் போனபிறகும் பனாக்குக்கு வேலை ஓயாது. மறுநாள் வரும்போது பையிலிருந்து நாலைந்து துண்டுச் சீட்டுகளை எடுத்துப் போடுவார். முந்தின நாள் அந்தரத்தில் விட்ட நிரூபணங்களின் எலும்புக்கூடு அதில் இருக்கும்.

அதோ, கொஞ்சம் தள்ளி ஒரு நாகரிகமான மனிதர் வருகிறார் பாருங்கள். ஹூகோ ஸ்டைன்ஹவுஸ். அவருக்கு இந்தப் புகைக்கூடம் அவ்வளவாகப் பிடிக்காது. நல்ல கேக் கிடைக்கிற வேறொரு கடைதான் அவர் இஷ்டம். ஆனால் பனாக்கைக் கணிதத்துக்குப் பிடித்து வந்தவரே அவர்தான். 1916இல் கிராக்கோ நகரத்துப் பூங்காவில் காலாற நடந்துகொண்டிருந்தவரின் காதில் 'லெபேக் தொகையீடு' என்ற வார்த்தை விழுந்தது. அன்றைக்கு அது கணிதக்காரர்களிலேயே சிலருக்குத்தான் பரிச்சயமான சங்கதி. பெஞ்சில் இரண்டு வாலிபர்கள். ஒருவர் பனாக். அப்போது அவருக்குக் கணிதத்தில் பட்டம் கிடையாது, டியூஷன் எடுத்துப் பிழைப்பு. ஸ்டைன்ஹவுஸ் தனக்கு முடியாமல் கிடந்த ஒரு கணக்கைச் சும்மா அவரிடம் சொல்லி வைத்தார். சில நாளில் விடையோடு வந்து நின்றார் பனாக். என் வாழ்நாள் கண்டுபிடிப்புகளிலேயே பெரியது பனாக்தான் என்று பிறகு சொல்லிக்கொண்டிருந்தார் ஸ்டைன்ஹவுஸ். நன்றாகக் கவனியுங்கள், நுழைவுத்தேர்வும் இல்லை, சிபாரிசுக் கடிதமும் இல்லை. முடியாத கணக்கு ஒன்றைத் தூண்டில் மாதிரி போட்டார், ஆள் மாட்டினார்.

மேஜைக்குத் திரும்புவோம். பளிங்கில் பென்சில் நன்றாக எழுதும். ஈரத் துணிக்கு அதைவிட நன்றாக அழியும். ஒரு நீண்ட அமர்வின் முடிவில் முக்கியமான தேற்றம் ஒன்று நிரூபணமாகி மேஜை முழுக்கப் படர்ந்து கிடந்ததாம். ராத்திரி கடையைச் சுத்தம் செய்தவர் பளிச்சென்று துடைத்துவிட்டார். மறுநாள் எத்தனை முயன்றும் ஒருவருக்கும் அது திரும்ப வரவில்லை. இது அந்தக் கூட்டாளிகளே சொல்லிச் சொல்லி வந்த கதை. எனக்கு அந்தத் துப்புரவுக்காரர் மேல் கோபமே வரவில்லை. மேஜையைத் துடைப்பதுதானே அவர் வேலை!

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பனாக்கின் மனைவி லூச்சா, 1935இல் கடைக்குப் போய்த் தடியாக ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தார். இனி இதில் எழுதுங்கள். நோட்டு கடையிலேயே சர்வர் பொறுப்பில் இருக்கும். யார் வந்து கேட்டாலும் காபியோடு சேர்த்து நோட்டையும் கொண்டுவந்து வைப்பார். எழுதியதும் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார். கடையின் பெயரே நோட்டுக்கும் ஒட்டிக்கொண்டது.

இதோ நோட்டைத் திறக்கிறேன், தலையைக் கிட்டே கொண்டுவாருங்கள். முதல் கணக்கு பனாக் எழுதியது, தேதி 1935 ஜூலை 17. ஒரு பக்கத்தில் கணக்கு. எதிர்ப்பக்கம் விடைக்காகக் காலி. நோட்டு முழுக்க இதே ஏற்பாடு. எனக்கு மிகப் பிடித்தது அந்தக் காலிப் பக்கங்கள்தான். பந்தியில் வராதவருக்கு இலை போட்டு வைப்பது மாதிரி, யாரென்றே தெரியாத ஒருவருக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள். கையெழுத்து மாறிக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலும் போலிஷ், நடுநடுவே வெளியூர் விருந்தாளிகள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதியது. ஆக மொத்தம் 193 கணக்குகள்.

கணக்குக்குக் கீழே சில இடங்களில் பரிசு அறிவிப்பு. இங்கேதான் நான் சத்தம் போட்டுச் சிரித்து, வீட்டில் திட்டு வாங்கினேன். ஸ்டைன்ஹவுஸின் ஒரு கணக்குக்கு மூன்று பரிசு: விடையைக் கணக்கிட்டே கொடுத்தால் 100 கிராம் கேவியர், அப்படி ஒரு விடை இருக்கிறது என்று மட்டும் காட்டினால் சின்ன பீர், இல்லை என்று எதிருதாரணம் தந்தால் குட்டிக் கோப்பையில் காபி. கெட்ட செய்தி கொண்டுவருபவருக்குக் காபியோடு சரி! ஜெனீவாக்காரர் ஒருவர் தன் ஊரில் ஃபாண்டூ வாங்கித் தருவதாக எழுதிவிட்டுப் போயிருக்கிறார். கேம்பிரிட்ஜ்காரர் 'டொரத்தி' என்ற கடையில் மதியச் சாப்பாடு. ஃபான் நாய்மன், ஆமாம், கணினிக்கெல்லாம் பாட்டனாரான அதே ஃபான் நாய்மன்தான், 1937இல் வந்தபோது 'பூஜ்ஜியத்தைவிட அதிக அளவுள்ள ஒரு பாட்டில் விஸ்கி' என்று எழுதி வைத்திருக்கிறார். கணக்கு 'அளவை' பற்றியது. அந்தக் கோட்பாட்டில் பூஜ்ஜிய அளவுள்ள கணங்கள் என்று ஒரு வகை உண்டு. கைநிறைய இருப்பது மாதிரி தெரியும், அளந்தால் ஒன்றுமிருக்காது. காலி பாட்டிலைக் கையில் திணித்துவிட மாட்டேன் என்று முன்ஜாமீன் எடுக்கிறார். இந்த ஜோக்குக்குச் சிரிக்க உலகத்தில் அன்றைக்கு ஒரு நூறு பேர் இருந்திருப்பார்களா? அதில் பத்துப் பேர் அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

43ஆம் கணக்கைப் பாருங்கள். மசூர் ஒரு ஆட்டம் சொல்லித் தருகிறார். ஒரு கோடு போடுங்கள். அதில் சில புள்ளிகளுக்கு மஞ்சள் பூசுங்கள். முதல் ஆள் கோட்டில் ஒரு துண்டைக் குறிக்க வேண்டும். இரண்டாம் ஆள் அதற்குள்ளே இன்னும் சின்னதாக ஒரு துண்டு. மறுபடி முதல் ஆள், அதற்குள்ளே. இப்படி முடிவே இல்லாமல். கடைசிவரை எல்லாத் துண்டுக்குள்ளும் மாட்டிய புள்ளி ஒன்று மஞ்சளாக இருந்தால் முதல் ஆள் ஜெயித்தார். இல்லையென்றால் இரண்டாம் ஆள். மஞ்சள் எப்படிப் பூசியிருந்தால் இரண்டாம் ஆளுக்குத் தோல்வியே கிடையாது? மசூர் தன் ஊகத்தை எழுதி, பரிசு ஒரு பாட்டில் ஒயின் என்றார். ஊகம் சரிதான் என்று பனாக்கின் குறிப்பு ஏறிய தேதி 1935 ஆகஸ்ட் 4. நோட்டு பிறந்தே மூன்று வாரம்கூட ஆகவில்லை!

ஒயின் பாட்டிலோடு அது முடிந்திருந்தால் நான் இங்கே உங்களை நிறுத்தியிருக்க மாட்டேன். முடிவில்லாத ஆட்டம் என்பது கணிதக்காரர்களைத் தொற்றிக்கொண்டது. 1962இல் அதே ஸ்டைன்ஹவுஸ், யான் மிச்செல்ஸ்கி என்பவரோடு சேர்ந்து ஒரு வேடிக்கையான யோசனையைக் கிளப்பினார். எண்களை மாறி மாறிச் சொல்கிற எந்த முடிவில்லா ஆட்டத்திலும் இருவரில் ஒருவருக்கு ஜெயிக்கும் வழி இருந்தே தீரும் என்பதையே அடிப்படை விதியாக வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? கணக் கோட்பாட்டுக்காரர்கள் அதன் பின்னாலேயே பல பத்தாண்டு அலைந்தார்கள். காபிக்கடைப் பொழுதுபோக்கு, முடிவிலியின் அஸ்திவாரம்வரை தோண்டிக்கொண்டு போய்விட்டது.

பக்கத்தைப் புரட்டும்போது 123இல் ஒரு நிமிஷம் நில்லுங்கள், ஸ்டைன்ஹவுஸ் கேட்டது. பன்றித்தொடையை ஒரே ஒரு நேர்வெட்டில் வெட்டி, கறி சரிபாதி, கொழுப்பு சரிபாதி, எலும்பு சரிபாதியாகப் பிரிக்க முடியுமா? நம்மூர்க் கறிக்கடையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இதைக் கேட்டால் கத்தியாலேயே பதில் வரும். முடியும் என்று பனாக் நிரூபித்தார். உலாம் ஊகித்து, கரோல் போர்சுக் நிரூபித்திருந்த ஒரு தேற்றம்தான் அவருக்குக் கத்தி. பாகப்பிரிவினையைத் தகராறில்லாமல் செய்வது எப்படி என்று பிற்பாடு ஒரு தனிக் கணிதமே வளர்ந்ததிலும் இதே மேஜைக்காரர்களின் கை உண்டு. அண்ணன் தம்பி வழக்குகளுக்கு அது எவ்வளவு உதவியது என்று மட்டும் கேட்காதீர்கள்.

இப்போது 59. எழுதியவர் ஸ்டனிஸ்வாவ் ருஜீவிச். ஒரு சதுரத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்ட வேண்டும், ஒன்றுகூட இன்னொன்றின் அளவில் இருக்கக் கூடாது. முடியுமா? கேள்வியே அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். நானும் ஒரு ராத்திரி ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். பெரியது ஒன்று, பக்கத்தில் கொஞ்சம் சின்னது, மூலையில் இன்னும் சின்னது என்று ஜோராகப் போகும். கடைசியில் எங்கேயோ ஒரு மெல்லிய செவ்வகம் மிஞ்சி நாக்கைத் துருத்தும்.

இதே கணக்கு ஒரு புதிர்ப் புத்தகம் வழியாகக் கேம்பிரிட்ஜிலும் நான்கு மாணவர்களைப் பிடித்து ஆட்டியது: புரூக்ஸ், ஸ்மித், ஸ்டோன், டட். நம் ராமானுஜன் இருந்த அதே டிரினிட்டி கல்லூரி. நேராகச் சதுரம் வரவில்லை. முதலில் செவ்வகத்தையாவது வெவ்வேறு சதுரங்களாகப் பிரிப்போம் என்று இறங்கினார்கள். தாள் தாளாகப் படம். ஒருநாள் யாருக்கோ உறைத்தது: படத்தில் ஒவ்வொரு கிடைக்கோட்டையும் ஒரு மின்சந்திப்பாகவும், ஒவ்வொரு சதுரத்தையும் ஒரு கம்பியாகவும், சதுரத்தின் அளவை அதில் ஓடும் மின்சாரமாகவும் வைத்துக்கொண்டால் கணக்கு அச்சாகப் பொருந்துகிறது! கிர்க்காஃப் விதி என்று பிளஸ் டூவில் நாமெல்லாம் மனப்பாடம் செய்து மறந்தோமே, அதேதான். வடிவக் கணிதப் புதிர் மின்சுற்றாக மாறிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு அம்மா நுழைகிறார். புரூக்ஸ் தான் கண்டுபிடித்த ஒரு செவ்வகத்தின் மேல் ஆசைப்பட்டு, அதைச் சதுரத் துண்டுகளாக அறுத்து, சேர்த்து விளையாடும் புதிராகச் செய்தார். அவருடைய அம்மா உட்கார்ந்து நிதானமாகச் சேர்த்து முடித்தார். மகன் பார்க்கிறார், சேர்ந்திருப்பது அவர் அறுத்த அமைப்பே இல்லை! அதே துண்டுகள், வேறு அடுக்கு. இரண்டு வழி இருக்கும் என்று நால்வரில் ஒருவருக்கும் தெரியாது. அவசரக் கூட்டம் போட்டுவிட்டார்கள். அம்மாவின் 'தப்பான' விடையிலிருந்து அவர்கள் புதிதாக ஒரு கோட்பாட்டுக்குள் போனார்கள். 1940இல் கட்டுரை வந்தது. அதற்கு முந்தின வருடமே ஜெர்மனியில் ஸ்ப்ராக் என்பவர் 55 வெவ்வேறு சதுரங்களால் ஒரு முழுச் சதுரத்தைக் கட்டிக் காட்டியிருந்தார். ருஜீவிச்சின் கேள்விக்கு 'முடியும்' என்ற விடை. 1978இல் டைவெஸ்டெய்ன் என்ற டச்சுக்காரர் கணினியை வைத்து ஆகக் குறைந்ததைப் பிடித்தார்: 21 சதுரம், வெளிச்சதுரத்தின் பக்கம் 112. நால்வரில் டட் அந்தப் படங்களை விடவே இல்லை. கிராஃப் தியரி என்ற துறையின் பெரிய தூண்களில் ஒருவரானார். போரின்போது, கண்ணால் பார்த்தே இராத ஒரு ஜெர்மன் ரகசியக் குறி இயந்திரத்தின் உள்ளமைப்பை மூளையாலேயே வரைந்து காட்டியதும் அவர்தான். சதுரத்தைச் சதுரமாக வெட்டுவதால் யாருக்கு என்ன லாபம் என்று 1936இல் யாராவது கேட்டிருந்தால், நால்வரும் தலையைச் சொறிந்திருப்பார்கள்.

சரி, தலைப்பில் ஒரு வாத்து சொன்னேனே என்று முறைக்காதீர்கள். 153க்கு வந்துவிட்டோம். 1936 நவம்பர் 6, எழுதியவர் மசூர். ஒரு மலையைக் கற்பனை செய்யுங்கள். கிழக்கு மேற்காக ஒரு வெட்டு வெட்டினால் ஏற்ற இறக்கமாய் ஒரு கோடு கிடைக்கும். வடக்கு தெற்காக வெட்டினால் இன்னொரு கோடு. இப்படிச் சில வெட்டுகளை மட்டும் எடுத்து, ஜோடி ஜோடியாகப் பெருக்கிக் கூட்டி, அந்த மலையையே மறுபடி கட்டிவிட முடியுமா? தலைமுடி அளவுக்குத்தான் பிசகலாம். எந்த மலையாக இருந்தாலும் முடியுமா? கீழே ஒரே வரி. பரிசு: உயிருள்ள வாத்து. நம்ம வயலில் க்வாக் க்வாக்கென்று மேய்கிற சின்ன வாத்தை நினைக்காதீர்கள். கழுத்து நீண்ட பெருவாத்து, விருந்துச் சரக்கு.

அந்த வாத்து 36 வருடம் நோட்டுக்குள்ளேயே அடைகாத்தது. இடையில் பிரான்ஸ் பக்கம் அலெக்சாண்டர் குரோதெண்டிக் என்ற இளைஞர் அதன் பக்கத்தில் வந்தார். 1955இல் அவர் வெளியிட்ட ஆய்வில், மசூரின் மலையும், பனாக் வெளிகளில் வேறொரு பெரிய கேள்வியும் ஒரே முடிச்சின் இரண்டு நுனிகள் என்று காட்டினார். முடிச்சு அவிழவில்லை. ஆனால் அவிழ்க்கப் போனவர் வழியில் கட்டி வைத்த கருவிகள் இருக்கின்றனவே, அவற்றை வைத்தே ஒரு தலைமுறை வேலை பார்த்தது. எனக்கு இந்த நோட்டிலேயே ஆகப் பெரிய ஆச்சரியம் இதுதான். தோற்றுப்போனவர் விட்டுவிட்டுப் போன சாமான்களைப் பொறுக்கி ஊர் வீடு கட்டிக்கொள்கிறது.

இப்போது மெதுவாகப் புரட்டுங்கள். 1939 செப்டம்பருக்குப் பிறகு ஊர் சோவியத் கைக்குப் போகிறது. நோட்டில் மாஸ்கோ விருந்தாளிகளின் கையெழுத்து ஏறுகிறது: அலெக்சாந்திரவ், லுஸ்டெர்னிக், சோபலெவ். ஊருக்கு வெளியே ராணுவ வண்டி. உள்ளே காபியும் கணக்கும். போர் வருவதற்கு முந்தின கோடையில் மசூர் உலாமிடம் சொல்லியிருந்தார்: நிலைமை மோசமானால் நோட்டைப் பெட்டியில் போட்டு, ஊருக்கு வெளியே ஒரு கால்பந்து மைதானத்தில் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் புதைத்துவிடுவேன். உலாம் அந்த ஆகஸ்டில் தம்பியோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

கடைசிப் பதிவு 193. தேதி 1941 மே 31. ஸ்டைன்ஹவுஸ் கையெழுத்து. தலையும் வாலும் புரியாத எண் வரிசைகள். தீப்பெட்டிக்குள் குச்சிகளின் எண்ணிக்கை பற்றிய ஏதோ கணக்கு. அதன்பிறகு ஒரு மாதத்தில் ஜெர்மன் படை ஊருக்குள் வந்தது. ரோமாவில் வழக்கமாகச் சதுரங்கம் ஆடும் கூட்டாளி ஸ்டோஜெக்கை ஜூலையில் சுட்டுக் கொன்றார்கள். சதுரத்தைச் சதுரமாக வெட்டச் சொன்ன ருஜீவிச்சையும் அதே மாதம். கூட்டாளிகளில் யூதர்களான ஔவர்பாக்கும் ஷௌடரும் போர் முடியுமுன் மறைந்தார்கள். ஸ்டைன்ஹவுஸ் பெயரை மாற்றிக்கொண்டு கிராமங்களில் ஒளிந்து பிழைத்தார். பனாக் டைஃபஸ் தடுப்பூசி தயாரிக்கும் கூடத்தில் பேன்களுக்குத் தீனியாக உட்கார்ந்தார். கேலி இல்லை, நிஜமாகவே. சின்னப் பெட்டிகளில் பேன்களை அடைத்துக் காலில் கட்டிக்கொள்ள வேண்டும். அவை ரத்தம் குடிக்கும். அந்த வேலை அட்டைதான் உயிர்ப்பாதுகாப்பு. போர் முடிந்த 1945 ஆகஸ்டிலேயே நுரையீரல் புற்றுநோயில் பனாக் போய்ச் சேர்ந்தார்.

நோட்டு தப்பியது. பனாக்கின் மகன் கையில் அது கிடைத்து, ஸ்டைன்ஹவுஸ் கண்ணில் பட்டது. வயதான மனிதர் உட்கார்ந்து 193 கணக்கையும் தன் கையாலேயே படியெடுத்து, 1956இல் அமெரிக்காவில் உலாமுக்குத் தபாலில் அனுப்பினார். உலாம் ஆங்கிலத்தில் பெயர்த்து, மறு வருடம் சொந்தச் செலவில் 300 பிரதி அடித்து நண்பர்களுக்கு விநியோகித்தார். புகை மணக்கும் ஒரு கடையின் சிலேட்டு, உலகத்துக்கே வீட்டுப்பாடமானது.

கடைசி அங்கம், வார்சா, 1972. ஸ்வீடனிலிருந்து 28 வயது பெர் என்ஃப்லோ வந்து நிற்கிறார். கணிதம் போக மேடைக் கச்சேரி செய்கிற பியானோக் கலைஞர். மசூரின் கேள்விக்கு அவர் கண்ட விடை, முடியாது. எவ்வளவு வெட்டு எடுத்தாலும் கட்டிவிட முடியாத கோணல் மலை உண்டு. பனாக் 1932இல் தன் புத்தகத்தில் விட்டுச்சென்ற இன்னொரு கேள்வியும் அதே அடியில் விழுந்தது. மசூருக்கு அப்போது வயது 67. கூட்டாளிகளில் பாதிப் பேர் இல்லை, ஊர் வேறு நாட்டில், கடை பழைய கடை இல்லை. ஆனால் சொன்ன சொல் சொல்தானே! கூடையில் உயிருள்ள வாத்தோடு வந்தார். போலந்து முழுக்க அந்த நிகழ்ச்சியை ஒளிபரப்பினார்கள். புகைப்படம் இருக்கிறது. பார்த்தால் கல்யாண வீட்டுக் களை. வாத்து ஒன்றுதான் கொஞ்சம் குழம்பிப்போய் நிற்கிறது.

இன்றைக்குத் தீராத கணக்குகளுக்கு மில்லியன் டாலர் பரிசெல்லாம் வந்துவிட்டது. வரட்டும், நல்லதுதான். பெரல்மான் என்ற ரஷ்யர் 2010இல் அந்த மில்லியனை வேண்டாம் என்று திருப்பிவிட்டார். வாத்தை யாரும் வேண்டாம் என்று சொன்னதாக வரலாறு இல்லை.

அவசரப்பட்டு நோட்டை மூடிவிடாதீர்கள். 19ஆம் கணக்கு, உலாம் எழுதியது. எப்படிப் போட்டாலும், எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் தண்ணீரில் அப்படியே ஆடாமல் மிதக்கிற சீரான திடப்பொருள், பந்து மட்டும்தானா? குழந்தை குளிக்கும்போது கேட்கிற கேள்வி மாதிரி இருக்கிறது, இல்லையா? எண்பது வருடத்துக்கு மேல் அதன் எதிர்ப்பக்கம் காலியாகவே கிடந்தது. 2022இல் திமித்ரி ரியாபோகின், பந்து அல்லாத அப்படியொரு பொருள் உண்டு என்று நிரூபித்து வெளியிட்டார். அவர் வேலை பார்ப்பது அமெரிக்காவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில். வாத்து வாங்கிய என்ஃப்லோ பல வருடம் இருந்ததும் அதே பல்கலைக்கழகம். அந்தத் தண்ணீரில் ஏதோ இருக்கிறது.

மூன்றாம் ராத்திரி எனக்குப் பைத்தியம் முற்றிவிட்டது. காகிதம் சரிப்படவில்லை, அவர்கள் மாதிரியே எழுதிப் பார்த்தால் என்ன என்று சாப்பாட்டு மேஜையின் வெள்ளை மேல்பலகையில் பென்சிலால் 59ஐ ஆரம்பித்தேன். ராத்திரி இரண்டு மணிக்குப் பதினாலு சதுரம் ஒன்றோடொன்று ஒட்டி நின்றது. மிச்ச இடம்கூட வழிக்கு வரும்போலத் தெரிந்தது. காலையில் தெம்பாகத் தொடரலாம் என்று போய்ப் படுத்தேன்.

எழுந்து வந்தால் மேஜை பளபளவென்று இருக்கிறது. நடுவில் இட்லித் தட்டு.

"அம்மா, இங்கே கோடு போட்டு வெச்சிருந்தேனே?"

"அதுவா? ஒரே கிறுக்கலா இருந்துச்சுப்பா. விம் போட்டுத் துடைச்சிட்டேன். சட்னி போதுமா?"